காலா பீலியாவும் கணவன் மனைவியும்

மஞ்சள் காமாலை என்றதும் நம்மவர் வீடுகளில் முதலில் கீழாநெல்லியைத் தேடுவார்கள். எண்ணெயும் காரமும் நின்று போகும். மோர்ச் சோறு தொடங்கும். ஊரை விட்டுத் தில்லிக்கும் பஞ்சாபுக்கும் அரியானாவுக்கும் குடிவந்த பிறகு, நம் காதில் விழும் இன்னொரு சொல் ‘காலா பீலியா’. கறுப்புக் காமாலை என்று பொருள். இங்குள்ளவர்கள் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி இரண்டையும் இப்பெயரிட்டே அழைக்கிறார்கள். உண்மையில் இந்நோய் வந்தவர் கறுப்பதும் இல்லை. பெரும்பாலோர் மஞ்சளாவதும் இல்லை. பெயரே பாதி அச்சத்தை உண்டாக்கிவிடுகிறது.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வடநாட்டு மருத்துவமனைகளில் செவிலியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கடைசிச் சில ஆண்டுகள் கல்லீரல் நோய்ப் பிரிவில், பரிசோதனை முடிவை வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் மேசையில் இருந்தேன். தமிழ்க் குடும்பங்கள் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். ஹெபடைட்டிஸ் சி என்று தெரிந்தவர்களில் பலர் முதலில் கேட்பது, “பிழைத்துக்கொள்வேனா?” என்று அன்று. “இது எப்படி வந்தது? அவரிடமிருந்தா, என்னிடமிருந்தா?” என்பதே முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாததால் நிம்மதி இழந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தப் பாடத்தைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்தே படிக்க வேண்டுகிறேன்.

ஐந்து கிருமிகள், இரண்டு வழிகள்

ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. அதை உண்டாக்கும் முக்கிய வைரஸ்கள் ஐந்து: ஏ, பி, சி, டி, இ.

இவற்றுள் ஏ, இ இரண்டும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருபவை. 1955-56 குளிர்காலத்தில் யமுனையின் குடிநீரில் சாக்கடை கலந்ததால், தில்லியில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது ‘இ’ வகை என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது இந்த இரண்டுக்கும் நல்ல தடுப்பு.

பி, சி, டி மூன்றும் இரத்தத்தின் வழியாக வருபவை. இவற்றுக்குத் தண்ணீரைக் காய்ச்சிப் பயனில்லை. தட்டைத் தனியாக வைத்தும் பயனில்லை.

பி, சி இரண்டையும் குழப்பிக்கொள்வதே தம்பதிகளிடம் நான் அதிகம் கண்ட தவறு. பி வகை உடலுறவு வழியாக எளிதில் பரவும். ஆனால் அதற்குத் தடுப்பூசி உண்டு. கணவனுக்கு பி இருந்தால், மனைவி பரிசோதனை செய்துகொண்டு, பாதிப்பு இல்லையென்றால் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். சி வகைக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் அதை முற்றிலும் குணமாக்கும் மாத்திரை இருக்கிறது. தம்பதிகளிடையே உடலுறவால் அது பரவுவதும் மிக அரிது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் கலக்கம் தீரும்.

வெகுகாலம் மறைந்திருந்த வைரஸ்

சி வைரஸ் 1989-இல்தான் இனங்காணப்பட்டது. அதற்கு முன் மருத்துவர்கள் இதை ‘ஏ-யும் அல்லாத, பி-யும் அல்லாத ஹெபடைட்டிஸ்’ என்றே சொல்லி வந்தார்கள். இதைக் கண்டறிந்ததற்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த வரலாற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிருமியையே அறியாத காலத்தில் அதற்குப் பரிசோதனை ஏது? நம் நாட்டு இரத்த வங்கிகளில் சி வைரஸுக்கான சோதனை பரவலாக நடைமுறைக்கு வந்தது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில்தான். ஆகவே 2002-க்கு முன் பிரசவத்திலோ, விபத்திலோ, அறுவைச் சிகிச்சையிலோ இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. இந்த வைரஸ் இருபது, முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் கல்லீரலில் இருக்கக் கூடியது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2022-இல் இந்தியாவில் சுமார் 55 இலட்சம் பேருக்கு நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி இருந்தது. பஞ்சாப், அரியானாப் பகுதிகளில் இது கூடுதல். வடக்கே வந்து குடியேறிய நாம் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

எந்த வழியாக வருகிறது?

ஒருவருடைய இரத்தம் இன்னொருவருடைய இரத்தத்தில் கலக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் போதும். வழிகளை வரிசையாகச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் உங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள்.

1. சோதிக்கப்படாத இரத்தம் ஏற்றுதல்.

2. ஒரே ஊசியைப் பலருக்குப் போடுதல். கொதிக்க வைத்த கண்ணாடிச் சிரிஞ்சு காலத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே ‘ஜோலா சாப்’ டாக்டர்கள் என்று சொல்லப்படும், முறையான படிப்பில்லாதவர்களிடம் காய்ச்சலுக்குப் போய், “ஒரு சூயி போட்டுவிடுங்கள்” என்று நாமே கேட்டு வாங்கிக்கொண்ட ஊசிகளும் இதில் சேரும்.

3. சரியாகச் சுத்தம் செய்யாத கருவியால் பல் பிடுங்குதல், பச்சை குத்துதல், காது மூக்குக் குத்துதல்.

4. முடிதிருத்தும் கடையில் பிளேடை மாற்றாமல் சவரம் செய்தல்.

5. டயாலிசிஸ் செய்யுமிடத்தில் கவனக்குறைவு.

6. போதை ஊசியைப் பகிர்ந்துகொள்ளுதல். இன்று இதுவே பல இடங்களில் முதன்மையான வழி. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வெட்கப்படக் கூடாது.

7. நோயுள்ள தாயிடமிருந்து பிரசவத்தின்போது குழந்தைக்கு வருதல். நூறு பிரசவங்களில் சுமார் ஆறில் இப்படி நேர்கிறது.

இனி, எப்படி வராது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதால் வராது. எச்சில் தம்ளரால் வராது. கட்டிக்கொள்வதால், முத்தமிடுவதால், தும்மலால், கொசுக்கடியால், ஒரே குளியலறையில் குளிப்பதால் வராது. நோயுள்ளவர் சமைத்ததைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

தாம்பத்தியம் பற்றி வெளிப்படையாக

இந்தக் கேள்வியைப் பெண்கள் என்னிடம் குரலைத் தாழ்த்தியே கேட்பார்கள். ஆண்கள் கேட்கவே மாட்டார்கள். ஆகவே இங்கே வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

2013-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஹெபடைட்டிஸ் சி உள்ள 500 பேரையும், நெடுங்காலமாக அவர்களோடு மட்டுமே வாழ்ந்து வந்த துணைவர்களையும் அதில் சோதித்தார்கள். 500 துணைவர்களில் 20 பேருக்கு சி தொற்றின் அடையாளம் இருந்தது. ஆனால் இருவரிடமும் ஒரே வகை வைரஸ் இருந்தது 9 தம்பதிகளிடம் மட்டுமே. அதையும் நுணுக்கமாக ஆராய்ந்தபோது, ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போயிருக்கக் கூடும் என்று சொல்லத்தக்க அளவுக்கு ஒத்திருந்த வைரஸ் மூன்று தம்பதிகளிடம்தான் இருந்தது. மற்றவர்களுக்கு வேறு ஏதோ வழியில் வந்திருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால், ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் தம்பதிகளில் அதிகபட்சம் ஏழு பேருக்கு இப்படி நேரலாம். ஒரு முறை உறவுக்கு என்று கணக்கிட்டால், 1,90,000-இல் ஒன்று.

ஒருவருக்கொருவர் என்று வாழும் தம்பதிகள் இந்நோய்க்காகத் தம் தாம்பத்திய வாழ்க்கையை மாற்றிக்கொள்ளத் தேவையில்லை என்று மருத்துவ உலகம் சொல்வது இதனால்தான். மாதவிலக்கு நாட்களிலும், புண்ணோ வெடிப்போ இருக்கும்போதும் இரத்தம் கலக்க வாய்ப்புண்டு. அப்போது தவிர்ப்பதோ உறையைப் பயன்படுத்துவதோ நல்லது. இருவரில் ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்தாலோ, வேறு உறவுகள் இருந்தாலோ ஆபத்து கூடும்; அப்போது உறை கட்டாயம். அப்படியின்றிச் சிறிய ஆபத்தையும் விலக்க விரும்புகிறவர்கள், குணமாகும் வரை உறையைப் பயன்படுத்துவதில் தவறொன்றும் இல்லை. அது அவர்கள் இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது.

‘எங்கிருந்து வந்தது?’

நான் பார்த்த இரு குடும்பங்களைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் குடும்பம் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. கணவருக்கு மத்திய அரசு வேலை. மனைவிக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை நிச்சயமாகி, அதற்கு முந்தைய வழக்கமான சோதனையில் சி இருப்பது தெரிந்தது. வீட்டில் அன்றே அவருக்குத் தட்டும் தம்ளரும் தனியாயின. கணவர் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பேச்சு நின்றுவிட்டது. அந்த அம்மாள் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, “நான் சாமி அறையில் நின்று சத்தியம் பண்ணினேன் சிஸ்டர்” என்று அழுதார்.

கணவரையும் அழைத்து, இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, மேலே சொன்ன வழிகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டாவது பிரசவம் 1994-இல். இரத்தப்போக்கு அதிகமாகி இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த இரத்தத்துக்காக இரவெல்லாம் ஊரைச் சுற்றி அலைந்து வாங்கிவந்தவர் அந்தக் கணவரே. அதைச் சொல்லும்போதுதான் அவருக்கே பொறி தட்டியது. சிறிது நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியின் கைப்பையைத் தம் கையில் வாங்கிக்கொண்டு, தமக்கும் சோதனை எழுதித் தரச் சொன்னார். இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தும் அவருக்கு நோய்த்தொற்று இல்லை.

இரண்டாம் குடும்பத்தில் இருவருக்கும் சி இருந்தது. “நீங்கள் கொடுத்தது”, “நீ கொடுத்தது” என்று வழக்கு என் மேசைக்கு வந்தது. இந்த வைரஸில் பல வகைகள் உண்டு. இந்தியாவில் மூன்றாம் வகை அதிகம், ஒன்றாம் வகையும் கணிசமாக உண்டு. எந்த வகை என்று பார்க்கும் சோதனையில் கணவருக்கு ஒன்று, மனைவிக்கு மூன்று என்று வந்தது. அதாவது ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கவே இல்லை. இருவருக்கும் தனித்தனியே, தனித்தனிக் காலத்தில் வந்திருக்கிறது. (வகை ஒன்றாகவே இருந்தாலும், அதை வைத்து மட்டும் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார் என்று சொல்லிவிட முடியாது, பரவலாக உள்ள வகை இருவருக்கும் தனித்தனியே வரலாம் அல்லவா?)

இந்த இரண்டிலிருந்தும் கற்க வேண்டிய பாடம் ஒன்றே. ஹெபடைட்டிஸ் சி முடிவுத்தாள் யாருடைய ஒழுக்கத்துக்கும் சான்றிதழ் அன்று. எப்போதோ ஓர் ஊசியோ இரத்தப் பாட்டிலோ உடம்பில் ஏறியது என்பதை மட்டுமே பெரும்பாலும் அது சொல்கிறது. எந்த ஊசி என்று கண்டுபிடிக்க முடியாமல் போவதும் உண்டு. அதைக் கண்டுபிடித்தால்தான் சிகிச்சை என்றில்லை.

பரிசோதனை: இரண்டு படிகள்

முதல் படி, எதிர்ப்பொருள் சோதனை. வைரஸ் உள்ளே வந்ததற்கு உடல் காட்டும் எதிர்ப்பு அடையாளத்தை இது பார்க்கிறது. விரல் நுனி இரத்தத்திலேயே சில நிமிடங்களில் பார்க்கும் கருவியும் உண்டு. ஆய்வுக்கூடத்தில் செய்யும் எலைசா முறையும் உண்டு.

இதில் ‘பாசிட்டிவ்’ வந்தால் நோய் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொற்று வந்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் அளவில் ஆறு மாதத்துக்குள் தாமாகவே வைரஸை விரட்டிவிடுகிறார்கள். ஆனாலும் எதிர்ப்பொருள் அடையாளம் நெடுங்காலம், பலருக்கு வாழ்நாள் முழுவதும், இரத்தத்தில் இருக்கும்.

இரண்டாம் படி, ஆர்.என்.ஏ. சோதனை. வைரஸ் இப்போது இரத்தத்தில் இருக்கிறதா என்று நேரடியாகப் பார்ப்பது இது. இதில் ‘இருக்கிறது’ என்று வந்தால்தான் நோய். இரண்டாம் படி முடியாமல் உற்றார் உறவினருக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லத் தொடங்காதீர்கள்.

கணவன் மனைவியருள் ஒருவருக்கு நோய் உறுதியானால் மற்றவர் ஒருமுறை எதிர்ப்பொருள் சோதனை செய்துகொள்ள வேண்டும். சந்தேகத்தினால் அன்று, ஒரே வீட்டில் ஒரே ரேசர், ஒரே மருத்துவர், ஒரே பல் வைத்தியர் என்று இருவரும் ஒரே பாதையில் நடந்தவர்கள் என்பதனால். ‘இல்லை’ என்று வந்து, புதிதாக இரத்தத் தொடர்பு எதுவும் நேரவில்லையென்றால் அடிக்கடி சோதிக்க வேண்டியதில்லை. அண்மையில் இரத்தம் பட்டிருந்தால் ஒரு செய்தி முக்கியம்: எதிர்ப்பொருள் தெரிய 8 முதல் 11 வாரம் ஆகலாம், ஆர்.என்.ஏ. ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரியும். ஆகவே எந்தச் சோதனை, எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டுச் செய்க.

தாய்க்கு நோய் இருந்தால் பிள்ளைகளையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். தாயின் எதிர்ப்பொருள் குழந்தையின் இரத்தத்தில் சிலகாலம் தங்கும்; ஆதலால் கைக்குழந்தைக்கு இந்தச் சோதனையைப் பதினெட்டு மாதம் ஆன பிறகே செய்வார்கள். தாய்ப்பால் கொடுக்கலாம், மார்புக் காம்பில் வெடிப்போ இரத்தமோ இருந்தால் மட்டும் அது ஆறும் வரை நிறுத்திவைக்க வேண்டும்.

வீட்டில் எதை மாற்ற வேண்டும்?

தட்டு, தம்ளர், படுக்கை, பாத்திரம் எதையும் பிரிக்க வேண்டாம். பிரிக்க வேண்டியவை இவை: ரேசர், பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி, காது குடையும் பொருள். இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் கணவன் மனைவி இருவருக்கும் சர்க்கரை வியாதி இருப்பது சாதாரணம். விரலில் குத்திப் பார்க்கும் கருவியும் ஊசியும் இருவருக்கும் பொதுவாக இருக்கும். இது கூடவே கூடாது. கருவி, ஊசி, இன்சுலின் பேனா எல்லாம் ஆளுக்கு ஒன்று வேண்டும்.

அடிபட்டு இரத்தம் சிந்தினால், கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்தைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து துடைக்க வேண்டும். உலர்ந்த இரத்தத்திலும் இந்த வைரஸ் பல நாள் உயிரோடு இருக்கும். நோயுள்ளவர் இரத்த தானம் செய்யக் கூடாது. மதுவை அறவே விட வேண்டும். ஏற்கெனவே புண்பட்ட கல்லீரலுக்கு அது எரிகிற வீட்டில் எண்ணெய்.

மருந்து உண்டு

நாள்பட்ட சி நோயைக் கவனிக்காமல் விட்டால், இருபது ஆண்டுகளில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேருக்குக் கல்லீரல் சுருங்கிக் கெட்டுப்போகிறது. சிலருக்குப் புற்றுநோயும் வருகிறது. முன்பெல்லாம் மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும். பாதிப் பேருக்குப் பலிக்காது. படுத்தும் பாடோ சொல்லி முடியாது.

இப்போது நிலைமை வேறு. சோபோஸ்புவிர், டக்ளடஸ்விர் போன்ற மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரம் சாப்பிட்டால் போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அளவில் முற்றிலும் குணமடைகிறார்கள். மருந்து முடிந்து 12 வாரம் கழித்தும் ஆர்.என்.ஏ. சோதனையில் வைரஸ் இல்லையென்றால் குணமாகிவிட்டது என்று பொருள். குணமானவருக்கும் எதிர்ப்பொருள் சோதனை ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். ஆகவே ஆர்.என்.ஏ. முடிவுத்தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; வேறு ஆஸ்பத்திரியில் வீண் கலக்கம் நேராமல் காக்கும். குணமானவருக்கு மீண்டும் தொற்று வரலாம் என்பதையும் நினைவில் கொள்க.

2018 ஜூலை 28 அன்று மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி அரசுச் சிகிச்சை மையங்களில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் கேட்டால் மையம் எது என்று சொல்வார்கள். இந்தி சரளமாக வராத மூத்தவர்கள் தனியே போக வேண்டாம். பிள்ளைகளோ அண்டை வீட்டுத் தமிழரோ துணைக்குப் போகட்டும்.

மருந்து தொடங்குமுன் இரண்டு செய்திகள். பி வைரஸ் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். இருந்தால், சி அடங்கும்போது அது தலைதூக்கலாம். அடுத்து, கருவுற்றிருந்தாலோ குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்தாலோ மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பொதுவாகப் பிரசவம் முடிந்த பிறகே மருந்து தொடங்குவார்கள். ரிபாவிரின் என்ற மருந்தும் சேர்க்கப்பட்டால், அதைச் சாப்பிடுவது கணவராக இருந்தாலும் மனைவியாக இருந்தாலும், மருத்துவர் குறிப்பிடும் மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும்.

கீழாநெல்லி சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: சி வைரஸை அது ஒழிக்கும் என்று நிரூபணம் இல்லை. நாட்டு மருந்தை நம்பி, குணமாக்கும் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். எது சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இந்தப் பாடத்தைப் படித்து முடித்ததும், கணவன் மனைவி இருவரும் ஒரு தாளை எடுத்து, இதுவரை எப்போது இரத்தம் ஏற்றினோம், எங்கே அறுவைச் சிகிச்சை நடந்தது, எங்கெங்கே ஊசி போட்டுக்கொண்டோம், பல் பிடுங்கினோம் என்று எழுதிப் பாருங்கள். ஒன்றேனும் சந்தேகமாக இருந்தால் இருவரும் சேர்ந்தே சோதனைக்குப் போங்கள். ஒருவரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு மற்றவர் வாசலில் காத்திருக்க வேண்டாம். சேர்ந்து போகும்போது யார் யாருக்குக் கொடுத்தது என்ற கேள்விக்கே இடமிருக்காது.